நாவல்பழ மையும் அழிந்துபோன சொற்களும்

எங்கள் பள்ளியின் பின்புறம் ஒரு நாவல் மரம் நிற்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அதன் அடியில் தரை தெரியாது. காலை வழிபாட்டுக் கூட்டத்திற்கு வரும் பிள்ளைகளின் நாக்கும் உதடும் ஊதா, சட்டைப் பையும் ஊதா. "துவைக்கத் துவைக்கப் போகமாட்டேங்குது சார்" என்று அம்மாக்கள் என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் குறைதான் எனக்கு ஒரு யோசனையைத் தந்தது. இவ்வளவு அழுத்தமான கறையை ஏன் மையாக்கக் கூடாது?

திருச்செந்தூர் வட்டாரத்தில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பழத்திலிருந்து மை செய்யும் முறையை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். கூடவே, நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொன்னால், நான் விழுந்த அதே குழியில் நீங்களும் விழக்கூடும்.

ஆறாம் வகுப்புக்கு அப்போது ஒரு செயல்பாடு கொடுத்திருந்தேன். வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய தொழில் சார்ந்த சொற்களைக் கேட்டு எழுதிவர வேண்டும். எழுதுவது நாங்களே காய்ச்சிய நாவல்பழ மையில். பேனாவும் பிள்ளைகளே சீவிய மூங்கில் குச்சி. மீன்பிடி, கொத்து வேலை, பீடி சுற்றுதல், தையல் என்று சொற்கள் வந்து குவிந்தன. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி, பனையேறியான தன் தாத்தாவிடம் கேட்டு 31 சொற்களை எழுதிவந்தாள். அலகுப்பனை, பருவப்பனை, முருக்குத்தடி, கடிப்பு என்று தொடங்கிய பட்டியலில் பாதிக்கு மேல் எனக்கே புதியவை. அவள் அவ்வளவு எழுதியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எல்லாத் தாள்களையும் ஓர் அட்டையில் ஒட்டி, சன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினோம்.

மாட்டும்போது ஒரு மாணவன் கேட்டான்: "சார், இது அழிஞ்சிருமா?"

"அழியாது. பேனா மை மாதிரிதான் இதுவும்" என்றேன். சட்டையில் பட்டால் போகாத கறை, தாளிலிருந்து மட்டும் போய்விடுமா என்ன? சோதித்துப் பார்க்காமல் சொன்ன பதில் அது.

கார்த்திகையில் அந்த மாணவியின் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார், பேச்சு வரவில்லை. பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று அவள் நேராக அந்த அட்டையின் முன் போய் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "சார், தாத்தா சொன்னதெல்லாம் போயிட்டு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். ஊதா நிறம் எங்கும் இல்லை. பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதியிருந்தார்கள். மஞ்சளேறிய அந்தத் தாளில் வெளிர் பழுப்பாக ஏதோ கோடுகள் தெரிந்தன, அவ்வளவுதான். நோட்டில் ஒரு படி எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "நீங்க இதுலயே எழுதச் சொன்னீங்கல்ல சார்" என்றாள்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் மையைப் பற்றி நான் முறையாகக் கற்கத் தொடங்கினேன்.

முதல் மை: நாவல்பழம்

முதலில் நாங்கள் செய்த மையின் செய்முறையைச் சொல்கிறேன். எளிதானது, பாதுகாப்பானது, நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளும் செய்யக்கூடியது. இதில் கற்பிக்க நிறைய இருக்கிறது; நெடுநாள் நிற்க வேண்டிய எழுத்துக்கு மட்டும் இது உதவாது.

நன்கு பழுத்த நாவல்பழம் கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டையை நீக்கி, தோலோடு நன்றாகப் பிசையுங்கள். நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. தோலை எறிந்துவிடக் கூடாது. அரை டம்ளர் தண்ணீர் சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். தளதளவென்று கொதிக்க விட வேண்டாம். அதிகச் சூட்டில் நிறம் கெடும். இரும்புச் சட்டியையும் அலுமினியப் பாத்திரத்தையும் தவிருங்கள். உலோகம் நிறத்தை மாற்றிவிடும். ஆறிய பின் பழைய வேட்டித் துணியில் பிழிந்து வடிகட்டுங்கள்.

வடித்த சாற்றில் ஒரு தேக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி உப்பு சேருங்கள். வினிகர் நிறத்தைச் சற்றுச் சிவப்பாக்கி நிறுத்தும். உப்போடு சேர்ந்து பூஞ்சை பிடிப்பதையும் தாமதப்படுத்தும். இரண்டு கிராம்பு போட்டு வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். கடைசியாகப் பிசின். கருவேலம் பிசினைச் சிறிது வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, அந்தக் கரைசலில் ஒரு தேக்கரண்டி கலக்க வேண்டும்.

பிசின் எதற்கு? பிசின் சேர்க்காத சாற்றில் ஒரு கோடு, சேர்த்த சாற்றில் ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். முதல் கோடு தாளில் பரவி மீசை வைத்துக்கொள்ளும். இரண்டாவது கோடு ஒழுங்காக நிற்கும். பிசின் மையைக் கெட்டியாக்கிக் குச்சியின் நுனியில் தங்க வைக்கிறது. காய்ந்த பின் நிறத்தைத் தாளோடு ஒட்டிப் பிடிக்கிறது. சாறு மையாவது இந்த இடத்தில்தான் என்று நான் நினைத்திருந்தேன். இது ஒரு பாதிதான்.

சாற்றுக்குள் என்ன இருக்கிறது?

நாவல்பழத்தின் ஊதாவுக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள்கள். கறுப்புத் திராட்சை, சங்குப்பூ, ஊதா முட்டைக்கோசு ஆகியவற்றிலும் இவையே இருக்கின்றன. தண்ணீரில் கரையக்கூடியவை. அமிலத்தில் சிவப்பாகவும், காரத்தில் நீலம் பச்சை என்றும், கடும் காரத்தில் மஞ்சளாகவும் மாறக்கூடியவை. அதாவது இவை இயற்கை நிறங்காட்டிகள்.

இதை வகுப்பில் காட்டுவதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஐந்து சிறு கிண்ணங்களில் நாவல்பழச் சாற்றை ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் சமையல் சோடா, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் சுண்ணாம்புத் தெளிநீர் சேர்த்து, ஐந்தாவதை அப்படியே விடுங்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் ஆசிரியரே எடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து. ஐந்து கிண்ணங்களும் ஐந்து நிறமாக நிற்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஆனால் மை என்று பார்த்தால் இந்த அழகுதான் அதன் பலவீனம். சூழல் மாறினால் மாறிவிடும் நிறம், ஒரே நிறமாக எப்படி நிற்கும்? நாம் இன்று வாங்கும் வெள்ளைத் தாள்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் தூள் நிரப்பியாகச் சேர்க்கப்படுகிறது. அது காரத்தன்மை உடையது. அதில் எழுதிய நாவல்பழ மை சிறிது நேரத்திலேயே நீலச் சாம்பலாக மாறுவதை நீங்களே காணலாம். அதற்கு மேல் வெளிச்சமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அந்த மூலக்கூறுகளை உடைக்கின்றன. உடைந்த மூலக்கூறு நிறத்தை இழக்கிறது. நான் தாள்களை மாட்டிய இடமோ, காலை வெயில் நேராக விழும் சுவர்.

அப்படியானால் சட்டைக் கறை மட்டும் ஏன் போகவில்லை? அதையும் உற்றுப் பார்த்தேன். சட்டையில் கடைசிவரை நிற்பது ஊதா அல்ல, பழுப்பு. நாவல்பழத்தில் ஆந்தோசயனினோடு டானின் என்னும் பொருளும் உண்டு. பழம் தின்றபின் நாக்கு இழுப்பதுபோல் துவர்க்கிறதே, அதற்குக் காரணம் டானின்தான். ஊதா போன பின்பும் பழுப்பாகத் துணியில் தங்கிவிடுவதில் அதற்குப் பங்குண்டு. வெள்ளைச் சட்டையில் அந்தப் பழுப்பு கண்ணை உறுத்துகிறது. மஞ்சளேறிய தாளில் எழுத்தாகக் கண்ணுக்கே தெரியவில்லை. அழியாது என்று நான் நம்பிய நிறம் ஒன்று, உண்மையில் தங்கியது வேறொன்று.

கள்ளிப்பழம் சொன்ன செய்தி

எங்கள் பகுதி தேரிக்காட்டில் சப்பாத்திக்கள்ளிக்குப் பஞ்சமில்லை. அதன் பழச்சாறு நாவலைவிடப் பளிச்சென்ற செந்நிறம். நாவல் ஏமாற்றிய பின், பிள்ளைகள் இதைச் சோதிக்கலாம் என்றார்கள். பழத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்முட்கள் கொத்துக்கொத்தாக இருக்கும். அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். இடுக்கியால் பிடித்து, தணலில் வாட்டி முள்ளைப் பொசுக்கிவிட்டு, ஆசிரியரே தோலுரிக்க வேண்டும். சாற்றைச் சூடாக்க வேண்டாம்; நிறம் வெளிறிவிடும்.

அதே ஐந்து கிண்ணச் சோதனையை இதிலும் செய்தோம். எலுமிச்சை விட்டால் சிவக்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சமையல் சோடாவுக்கும் பச்சை வரவில்லை. சுண்ணாம்புத் தெளிநீரில் மட்டும் மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. "இது வேற சாதி நிறம் சார்" என்றான் ஒருவன். சரியாகச் சொன்னான். இது பீட்டாலைன் என்னும் வேறு வகை நிறப்பொருள். பீட்ரூட்டிலும், வேலியில் படரும் கொடிப்பசலையின் கருநீலப் பழத்திலும் இருப்பது இதுவே. ஒரு செடியில் ஆந்தோசயனின் இருந்தால் பீட்டாலைன் இருக்காது. பீட்டாலைன் இருந்தால் ஆந்தோசயனின் இருக்காது. பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு நிறங்கள் வேதியியலில் வேறு வேறு என்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். ஆனால் வெயிலில் வைத்தபோது கள்ளிப்பழ மையும் வெளுத்தது.

அரிவாள்மனை தந்த விடை

எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்காவிடம் ஒருநாள் இந்தச் சிக்கலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "அழியாத கறுப்புக்கு ஏன் சார் பழத்தைத் தேடுறீங்க? இந்த அருவாமனையைப் பாருங்க. வாழைக்காய் வெட்டினா கறுக்குது. தேய்ச்சாலும் சீக்கிரத்துல போகவா செய்யுது?" என்றார்.

அந்த நிமிடம்தான் விளங்கியது. வாழைக்காயில் துவர்ப்பு இருக்கிறது. அரிவாள்மனையில் இரும்பு இருக்கிறது. டானினும் இரும்பும் சேரும்போது கறுப்பு பிறக்கிறது. உலகம் நெடுங்காலம் எழுதிவந்த மையின் அடிப்படை இதுவே. ஐரோப்பாவில் ஓக் மரத்தில் பூச்சி துளைப்பதால் உண்டாகும் கரடுகளிலிருந்து டானினை எடுத்து, இரும்பு உப்போடு கலந்து மை செய்தார்கள். அமெரிக்க விடுதலை அறிக்கையும், இசைமேதை பாகின் இசைக்குறிப்புகளும் அந்த வகை மையில் எழுதப்பட்டவை. நம் பக்கத்தில் கலம்காரிக் கலைஞர்கள் இரும்புத் துண்டுகளை வெல்லக் கரைசலில் பல நாள் ஊறவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் அந்தக் கரைசலால் கறுப்புக் கோடு வரைகிறார்கள். தஞ்சைப் பகுதியின் கருப்பூர்க் கலம்காரி இந்த மரபைச் சேர்ந்தது.

துவர்ப்பு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் டானினைத் தேடலாம்: மாதுளைத் தோல், பாக்கு, தேயிலை, வாழைப்பூ. நம் ஊரில் மலிவாகவும் நிறைவாகவும் கிடைப்பது கடுக்காய்.

இரண்டாம் மை: கடுக்காய்

இதை ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குச் செய்யலாம். காய்ச்சுவதும் இரும்பு உப்பைக் கலப்பதும் ஆசிரியரின் வேலை.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, தட்டி, கொட்டையை நீக்குங்கள். தோல் மட்டும் 50 கிராம். அரை லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சிறு தீயில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். பழுப்பு மஞ்சளான ஒரு கஷாயம் கிடைக்கும். இதில் 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டைச் சிறிது தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். நம் மரபில் அன்னபேதி என்று சொல்லப்படும் உப்பு இது. ஊற்றிய உடனே கஷாயம் கருநீலமாக இருண்டுவிடும். வகுப்பு முழுவதும் எழுந்து நின்றுவிடும் இடம் இது. கடைசியில் முன்போலவே பிசின் கரைசல் இரண்டு தேக்கரண்டியும் இரண்டு கிராம்பும் சேர்த்து, கண்ணாடிக் குப்பியில் மூடிவையுங்கள்.

ஃபெரஸ் சல்பேட் கிடைக்காவிட்டால், துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்து, வடித்த நீரைப் பயன்படுத்தலாம். கறுப்பு சற்று மெதுவாக வரும். குப்பியை இறுக மூடாமல் துணி கட்டி வையுங்கள். உள்ளே வாயு உண்டாகும்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். எழுதிய கணத்தில் எழுத்து வெளிறித் தெரியும். மறுநாள் பார்த்தால் கருகருவென்று இருக்கும். காரணம், இரும்பு உப்பில் முதலில் இருப்பது ஃபெரஸ் இரும்பு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை ஃபெரிக் இரும்பாக மாற்றும்போதுதான் டானினோடு சேர்ந்து முழுக் கறுப்பு உண்டாகிறது. அந்தக் கறுப்பு தண்ணீரில் கரையாது. மை தாளின் இழைகளுக்குள் ஊறிய பிறகு அங்கேயே கரையாத பொருளாக மாறிவிடுவதால் அதைக் கழுவி எடுப்பது கடினம். நாவல்பழ மையை அழித்த அதே ஆக்சிஜன், கடுக்காய் மையை உறுதிப்படுத்துகிறது!

இதற்கும் ஒரு குறை உண்டு. இரும்பு உப்பு அதிகமானால் மையின் அமிலத்தன்மையும் எஞ்சிய இரும்பும் காலப்போக்கில் தாளையே அரித்துவிடும். பாகின் கையெழுத்துப் படிகள் பலவற்றில் மை தாளைத் தின்று ஓட்டையிட்டதால், அவற்றைக் காப்பது பெர்லின் அரசு நூலகத்துக்குப் பெரும்பாடாக இருந்தது. அதனால்தான் 50 கிராம் கடுக்காய்க்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்கிறேன். இன்னும் கறுப்பு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். விகிதம் என்ற கணக்குப் பாடத்தை நடத்த அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

மூன்றாம் மை: விளக்குக்கரி

வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அமிலத்துக்கும் காரத்துக்கும் எளிதில் மசியாத கறுப்பு ஒன்று உண்டு. அது கரி. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்கு நிறம் இல்லை. விளக்குக்கரி சேர்ந்த மையை ஓலைமேல் தடவித் துடைத்தால், கீறலுக்குள் கரி தங்கி எழுத்துத் தெரியும். ஓலைச்சுவடிகள் பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகியிருக்கின்றன. அவற்றின் எழுத்துக் கறுப்பு வெளுத்துப்போனதால் அழியவில்லை.

ஆமணக்கெண்ணெய் விளக்கின் மேல் ஒரு மண் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் படியும் கரியைச் சுரண்டி, கெட்டியான பிசின் கரைசலில் நெடுநேரம் குழைத்தால் இந்த மை கிடைக்கும். கரி நீரில் கரைவதில்லை. துகளாக மிதந்து நிற்கிறது. கரையும் நிறத்தைச் சாயம் என்றும், கரையாத துகளை நிறமி என்றும் பிரித்துச் சொல்ல இதுவே நல்ல எடுத்துக்காட்டு. இதன் குறை, தண்ணீர் பட்டால் பிசின் இளகிக் கரி கலைந்துவிடும் என்பது.

சன்னல் சோதனை

இந்த முறை எதையும் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான்கு மைகளாலும் ஒரே தாளில் ஒரே சொல்லை எழுதினோம். ஒவ்வொரு சொல்லின் பாதியையும் கறுப்பு அட்டையால் மூடி, தாளைச் சன்னலில் வெயில் படும்படி ஒட்டினோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அட்டையை விலக்கி, கண்டதை நோட்டில் எழுதினார்கள். எது நிற்கும் என்பதை ஒவ்வொருவரும் முதல் நாளே ஊகித்து எழுதியிருந்தார்கள்.

எங்கள் சன்னலில் முதல் வாரமே கள்ளிப்பழ மை வெளுத்தது. இரண்டாம் வாரம் நாவலின் வெளிப்பாதி சாம்பலும் பழுப்புமாக மாறிவிட்டது. மூடிய பாதியில் நிறம் எஞ்சியிருந்தது. நான்காம் வாரமும் கடுக்காயிலும் கரியிலும் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிறகு தாளில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். கரி கலங்கியது, கடுக்காய் அசையவில்லை.

"அழிஞ்சிருமா?" என்று முன்பு கேட்ட மாணவனிடம் இந்தத் தாளைக் கொடுத்து, "இப்ப நீ சொல்லு" என்றேன். அவன், "எந்த மை, எங்க மாட்டுறோம், எதுல எழுதுறோம்னு சொன்னாத்தான் சார் சொல்ல முடியும்" என்றான். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

கவனத்திற்கு

செய்யப்போகும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். இரும்பு உப்பு சேர்ந்த மை நஞ்சு. குப்பியில் பெயரும் தேதியும் ஒட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிநீர்ப் புட்டியிலோ பானப் புட்டியிலோ எந்த மையையும் ஊற்றி வைக்காதீர்கள். துவர்ப்பைச் சுவைத்துப் பார்ப்பது தின்னும் பழங்களோடு நிற்கட்டும். கடுக்காய் மையைப் பௌண்டன் பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். மூங்கில் அல்லது நாணல் குச்சியே சரி. சீருடையில் பட்டால் எளிதில் போகாது. பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பழச்சாறு மை நுரைத்தாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று. நாவல்பழ மையை ஒதுக்கிவிடாதீர்கள். வாழ்த்து அட்டைக்கும் ஓவியத்துக்கும் அமிலம், காரம் பாடத்துக்கும் அதுவே ஏற்றது. எது எதற்கு என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டால் போதும்.

31 சொற்கள்

அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். நினைவிலிருந்தும் மங்கிய கோடுகளிலிருந்தும் 17 சொற்களை அந்த மாணவியே மீட்டாள். மற்ற 14 சொற்களுக்கு, அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தோம். நிறம் போயிருந்தாலும் மூங்கில் குச்சி அழுந்திய தடம் தாளில் இருந்தது. சாய்ந்த ஒளியில் அந்தப் பள்ளங்களில் நிழல் விழுந்தது. நிழலைப் படித்துப் படித்து 9 சொற்களை எடுத்தோம். பக்கத்து ஊரில் இன்னும் பனையேறும் ஒருவரிடம் போய்க் கேட்டு 3 சொற்களைப் பெற்றோம். மீதி இரண்டு கிடைக்கவில்லை.

பெற்றவற்றைப் புதிய நோட்டில் கடுக்காய் மையால் எழுதினாள். இம்முறை பால்பாயின்ட் பேனாவால் இன்னொரு நோட்டிலும் ஒரு படி எடுக்கச் சொன்னேன்.

நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாத்தாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்து, ஒரு சொல்லுக்கு மட்டும் இல்லை என்று தலையசைத்திருக்கிறார். நிழலை வைத்து நாங்கள் தப்பாகப் படித்த சொல் அது. அவள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து, அவர் தலையாட்டிய சொல்லை எழுதினாள். அழிக்க முடியாத மை என்பதால், தவறான சொல்லை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில்தான் எழுத முடிந்தது.

அந்த நோட்டு இப்போது எங்கள் பள்ளி நூலக அலமாரியில் இருக்கிறது, வெயில் படாத தட்டில். 22, 29 ஆகிய எண்களுக்கு எதிரே எழுத்து இல்லை. யாராவது சொல்ல வந்தால் எழுதுவதற்குக் குப்பியில் மை இருக்கிறது.